பொடிப்பனியில் திணறிய எஞ்சின்

கெட்டியான தடத்தில் என் ஸ்னோமொபைல் (பனிமேல் ஓட்டும் வண்டி) அருமையாக ஓடும். இடுப்பளவு பொடிப்பனியில் இறக்கினால் ஐந்தே நிமிடத்தில் திணறும். முதலில் எஞ்சின் விசையைக் கடத்தும் பெல்ட்டைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் பெல்ட் ஈரமாகி வழுக்கினால் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறும், வண்டி நகராது. எனக்கோ ஆர்பிஎம்மே சரிந்தது.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். கருப்பாக, பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின். காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். காற்று உள்ளே போகும் வலையைப் பார்த்தேன். அப்பிய பனி எஞ்சின் சூட்டில் உருகி, திரும்ப உறைந்து, மூடி போட்டதுபோல அடைத்திருந்தது.

அதைத் தட்டி எடுத்து, பிளக்கை மாற்றியதும் பழைய சத்தம் திரும்பியது. அப்பாடா, எவ்வளவு நிம்மதி! இப்போது நிற்கும் இடத்திலெல்லாம் முதலில் அந்த வலையைத்தான் துடைக்கிறேன்.