மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு லூப்: ப்ரேக் படுத்திய பாடு

ஒருவழியாக முழுச் சுற்றும் வந்துவிட்டது. மோட்டார் அணைந்த நிலையில் பாய்ச்சல், 15 மீட்டர் உயரத்தில் தொடங்கி 15 மீட்டரில் முடியும் லூப் (செங்குத்து வட்டம்), 180 டிகிரி திருப்பம், தரையிறக்கம். மாடல் ரேடியோவில் இயக்கும் விமானம்: 2.2 கிலோ, பால்சா (லேசான மரம்), இறக்கைப் பரப்பு 40 சதுர டெசிமீட்டர், 4எஸ் (நான்கு செல்) பேட்டரி.

முன்மாதிரி அமெரிக்க சாகச விமானி பாப் ஹூவர்தான் (1922–2016). தொழிலதிபர்கள் பயணம் செய்யும் இரட்டை எஞ்சின் ஷ்ரைக் கமாண்டரில் இரண்டு எஞ்சினையும் அணைத்துவிட்டு லூப் போட்டு, எட்டு நிறுத்த ரோல் (எட்டு இடத்தில் நின்று நின்று ஒரு முழு உருளல்) செய்து, இறங்கிய பின்னும் எஞ்சின் போடாமலே மேடை வரை உருட்டிக்கொண்டு வருவார். புரொப்பெல்லர் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி வைக்கிற வசதி அந்த விமானத்தில் உண்டு. நம் மாடலில் அது கிடையாது. மொத்தத் தொல்லையும் அங்கேதான் ஆரம்பம்.

இஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) ப்ரேக் 'ஆஃப்' என்று இருந்தால் புரொப்பெல்லர் காற்றாடியாகச் சுழன்று வேகத்தைத் தின்கிறது. 80 மீட்டரிலிருந்து நேராக மிதக்கவிட்டால் 26 வினாடியில் தரை. ப்ரேக் போட்டு நிறுத்தினால் அதே உயரத்துக்கு 41 வினாடி. சரி என்று 'ஹார்ட்' வைத்தால் வேறு வம்பு: தண்டு சட்டென்று நிற்கும், புரொப்பெல்லர் நிற்காமல் திரும்பி நட்டைத் தளர்த்திவிடும். 'மீடியம்' போதும். பறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் நட்டில் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

'மீடியம்' வைத்தும் பாய்ச்சலில் புரொப்பெல்லர் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது. இஎஸ்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. ப்ரேக் என்பது மோட்டார் சுருளைக் குறுக்கே இணைப்பதுதான். சுற்றினால்தான் அது எதிர்க்கும், நின்றதைப் பிடித்து வைக்காது. நின்ற பின் பிடிப்பது மோட்டார் காந்தங்களின் இழுப்பு மட்டும். அதனால் மூக்கைத் தாழ்த்திய பிறகு த்ராட்டிலை மூடக் கூடாது. மேலே, 14 மீ/வி வேகத்தில் மூடி, புரொப்பெல்லர் அசையாமல் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே பாய வேண்டும். இந்த ஒரு மாற்றத்தில்தான் லூப் கிடைத்தது.

பாய்ச்சலின் அடியில் 28 மீ/வி. அது 40 மீட்டர் உயரத்துக்குச் சமமான ஆற்றல் இருப்பு. (ஜிபிஎஸ் காட்டுவது தரைவேகம்; காற்றுள்ள நாளில் அதை நம்பாதீர்கள், காற்றுவேகம் அளக்கும் பிட்டோ குழாய் வேண்டும்.) 14 மீட்டர் ஆரத்தில் இழுத்தால் அடியில் 6.7 ஜி (எடையைப் போல 6.7 மடங்கு சுமை). சமமட்டத்தில் 9 மீ/வியில் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும்) இந்த மாடலுக்கு அப்போது ஸ்டால் வேகம் 23. இன்னும் குறுக்கி 10 மீட்டர் ஆக்கினால் 9 ஜி, ஸ்டால் வேகம் 27. ஒரு இறக்கை விழுந்து ஸ்னாப் (சட்டென்று கட்டுப்பாடின்றிச் சுழல்வது) நிச்சயம். 18 மீட்டராக அகட்டினால் உச்சியில் வேகம் செத்துப்போய், தலைகீழாகத் தொங்கி விழும். ஆக முதல் கால்வட்டம்தான் எல்லாமே. எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) அசைவு 12 மி.மீ., எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் அமைப்பு) 30. உச்சியில் ஸ்டிக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் வட்டமும் அழகு, இழப்பும் குறைவு. வெளியே வரும்போது 23 மீ/வி மிஞ்சுகிறது, அதாவது ஒரு லூப்புக்குச் செலவு 13 மீட்டர் உயரத்துக்குச் சமமான ஆற்றல்.

பாய்ச்சல் காற்றோடு போகும் திசையில் இருக்கட்டும். எதிர்காற்றில் லூப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் திருப்பம் முடிந்ததும் பின்காற்றில் இறங்க நேரிடும். திருப்பத்துக்கு 45 டிகிரி சாய்வு போதும். 60 டிகிரி என்றால் 2 ஜி, இறக்கையின் தூண்டிழுவை (தூக்குவிசையால் வரும் இழுவை) நான்கு மடங்கு.

மடக்கும் புரொப்பெல்லர் போட்டால் ப்ரேக் தலைவலி பாதி தீரும். 38 மி.மீ. ஸ்பின்னரோடு (நடுவில் வரும் கூம்பு மூடி) ஒன்று வாங்கியாகிவிட்டது. வந்த இதழ்கள் இரண்டும் ஒரே எடையில்லை, உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறேன். எட்டு நிறுத்த ரோல் அதற்குப் பிறகு. இப்போதைக்கு நான்காவது நிறுத்தத்திலேயே உயரம் தீர்ந்துவிடுகிறது. கத்திமுனை நிலையில் (இறக்கைகள் செங்குத்தாக நிற்கும்போது) ரட்டர் (வால் சுக்கான்) போதவில்லையா, நிறுத்தங்கள் நீளமா என்று அடுத்த பேட்டரியில் தெரியும்.