குணமாகாத ஜெபக்குறிப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சாட்சி இல்லை. என் வீட்டுக்காரரின் சிறுநீரகம் குணமாகவில்லை. வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு நாளும் 4 மணி நேரம் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அற்புதத்தில் முடியும் கதைகளையே கேட்டுக் கேட்டு, நம் வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நோய் தெரிந்தது, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்தது எல்லாம் ஒருவழியாக முடிந்தது. (ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்கிற வேலை இல்லை அது.) சிக்கலெல்லாம் ஜெபத்தின் பக்கம்தான் வந்தது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை (புது வருடத்துக்கான வேத வசனம் அச்சிட்டது) எரேமியா 30:17. 'நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்.' ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். சிறுநீரகம் கெடக்கெட ரத்தத்தில் கூடுகிற கழிவான கிரியேட்டினின் அந்த வருடம் ஏறிக்கொண்டேதான் போனது. வருடம் முடிவதற்குள் மெஷினில் போட்டுவிட்டார்கள். அட்டை அதே கதவில்தான் இருந்தது.

அப்புறம் விளக்கம் சொல்ல ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அறிக்கையிடாத பாவம் ஏதாவது உண்டா என்று ஒருவர் கேட்டார். விசுவாசம் போதாது என்றார் இன்னொருவர். ஒரு அக்கா இது தலைமுறை சாபம் என்றார். என் வீட்டுக்காரருடைய தாத்தா உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர், பாவம், அவரையும் கூண்டில் ஏற்றியாயிற்று. இதில் பாதிப் பேர் கையில் இளநீரோடு வந்தார்கள். டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியம் ஆகாது. தயவுசெய்து இளநீர் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சுகமளிக்கும் கூட்டம். தெரிந்தவர்கள் வற்புறுத்தி அழைத்துப் போனார்கள். கை வைத்து ஜெபித்த ஊழியக்காரர் அடுத்த வாரம் வீட்டுக்கே வந்து, "மெஷினை நம்புறவர் கர்த்தரை எப்படி நம்புவார்? ஒரு வாரம் போகாம இருந்து பாருங்க பிரதர்" என்றார். நான் வாயடைத்து நின்றேன். என் மாமியார்தான், "ஐயா, நீங்க முதல்ல அந்தக் கண்ணாடியைக் கழற்றி வச்சிட்டு ஒரு அதிகாரம் வாசிங்க, அப்புறம் அவன் மெஷினை விடட்டும்" என்றார். மனுஷன் காபியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். டயாலிசிஸை விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். மருந்தை நிறுத்து, மெஷினை நிறுத்து என்று யார் சொன்னாலும், எந்த வசனத்தைக் காட்டிச் சொன்னாலும், வாசலைக் காட்டுங்கள்.

கதை அதோடு முடியவில்லை. என் வீட்டுக்காரர் பூரண சுகம் பெற்றுவிட்டதாக அடுத்த கூட்டத்தில் அறிவித்துவிட்டார்கள். அவர் மெஷினில் படுத்திருக்கும்போதே வாழ்த்துச் சொல்லிப் போன் வருகிறது! திருத்தச் சொல்லி அவர்கள் அலுவலகத்துக்கு அழைத்தேன். "அது விசுவாச அறிக்கை சிஸ்டர், பின்வாங்காதீங்க" என்று வைத்துவிட்டார்கள். இன்றுவரை திருத்தவில்லை.

உதவியது ஓய்வுபெற்ற ஒரு வயதான போதகர். வந்தார், உட்கார்ந்தார், ஒன்றும் விளக்கவில்லை. 88-ம் சங்கீதத்தை மெதுவாக வாசித்தார், தலையில் கை வைத்தார், போய்விட்டார். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை எட்டிப் பார்க்கும். இதில் அதுவும் கிடையாது, இருட்டிலேயே முடிகிறது. அப்படியும் அதை யாரும் வேதத்திலிருந்து கிழித்தெறியவில்லை. அன்று ராத்திரி நான் ஆண்டவரிடம் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. இல்லாத ஆளோடு யாரும் சண்டை போடுவதில்லையே. அதுவும் ஜெபம்தான் என்று அப்போது புரிந்தது.

எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் கதையையும் வேதத்தில் மறுபடி எடுத்தேன். சிநேகிதர்கள் 7 நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தபிறகுதான் வினை. கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வருவது முறையிட்ட யோபுமேல் இல்லை, விளக்கம் சொன்னவர்கள்மேல். எனக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது.

ஃபிரிட்ஜ் அட்டைக்கும் வருகிறேன். அந்த வசனத்துக்கு ஓர் அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். பாபிலோனில் 70 வருடம் இருக்க வேண்டிவரும், அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா கடிதம் எழுதுகிறார். ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்ளும் முன் முன்னும் பின்னும் வாசிப்பது நல்லது. 'சுகமான அப்புறம் பார்க்கலாம்' என்று கிடந்த வேலைகளை நாங்கள் கையில் எடுத்தது அதற்குப் பிறகுதான். கிணற்று மோட்டாரை மாற்றினோம், ஒழுகிய அடுப்படிக் கூரையைச் சரிசெய்தோம்.

இப்போது கேட்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஊசி முதல் குத்திலேயே ஏற வேண்டும், பாதியில் பிரஷர் இறங்கக் கூடாது. பெரும்பாலும் கிடைக்கிறது. கிடைக்காத நாளில் 88-ம் சங்கீதம் இருக்கிறது.

பெரிய விண்ணப்பம் ஒன்று பாக்கி. அவருக்கு ஓ பாசிட்டிவ், எனக்கு பி. என் சிறுநீரகம் அவருக்கு ஒத்துவராது, அவருடைய தம்பிக்குச் சர்க்கரை. அதனால் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காக மாநிலப் பட்டியலில் பதிந்து காத்திருக்கிறோம். 2008-ல் ஹிதேந்திரனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது, எவ்வளவு பெரிய மனசு என்று பேப்பரை மடித்து வைத்தவள் நான். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. எங்கள் ஜெபம் கேட்கப்படுகிற அன்றைக்கு, ஏதோ ஒரு ஐ.சி.யூ. வாசலில் இன்னொரு குடும்பம் கேட்டது கிடைக்காமல் போயிருக்கும். இதற்கு என்னிடம் பதில் இல்லை. 'சீக்கிரம் கொடும்' என்று ஜெபிக்க எனக்கு நா எழுவதில்லை. அவர் மட்டும் தினமும், யாரென்று தெரியாத அந்த வீட்டாருக்காக இப்போதே ஜெபித்து வைக்கிறார்.

பட்டியலில் இருப்பவர்கள் போன் எண்ணை மாற்றினால் ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அழைப்பு நடுராத்திரியில்கூட வரலாம். போனை சைலண்டில் போடாதீர்கள்.