முகமூடிக்குப் பின்னால் இருக்கும் பெயர்

எங்கள் முதல் குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. பத்து வயதிலிருந்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் என்பதால், குழந்தையின் பெயர் அந்த உலகத்திலிருந்து வர வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாகவே உண்டு. காமிக்ஸ் பக்கமே போகாத என் மனைவி அந்த ஆசையை மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் விதித்தாள். பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையை யாருக்கும் விளக்காமலே அந்தப் பெயர் நன்றாக இருக்க வேண்டும். ஒரு மாதமாக நான் எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கும் தாளில் எந்தப் பெயர் நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்துகொண்டிருக்கிறது.

முகமூடிப் பெயர்கள் முதல் நாளிலேயே போய்விட்டன. 2014இல் மெக்சிகோவின் சொனோரா மாநிலம் குழந்தைகளுக்கு வைக்கக்கூடாத 61 பெயர்களைப் பட்டியலிட்டபோது, அதில் பேட்மேனும் இருந்தது. குழந்தைகள் பள்ளியில் கேலிக்கு ஆளாகக்கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பெற்றோரின் உரிமையில் அரசு தலையிடலாமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, அந்தக் கவலையில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். பேட்மேன் என்பது அவன் வேலைக்குப் போகும்போது உடுத்திக்கொள்ளும் பெயர். வீட்டில் அவன் புரூஸ். 1939இல் அவனைப் படைத்தவர்களில் ஒருவரான பில் ஃபிங்கர், ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் தி புரூஸின் நினைவாகவே அந்தப் பெயரைத் தேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் புரூஸ் என்று பெயரிடும் பெற்றோர், தாம் அறியாமலே ஒரு பழைய அரசனின் பெயரையும் குழந்தைக்குத் தந்துவிடுகிறார்கள்.

சூப்பர்மேனின் பெயர்களில்தான் நான் அதிக நாள் தங்கிவிட்டேன். 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் உலகத்துக்குக் காட்டிய அந்த நாயகனுக்கு மண்ணில் வைத்த பெயர் கிளார்க். எழுதுபவர், கணக்கர் என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நாம் குமாஸ்தாவைக் கிளார்க் என்கிறோமே, அதே சொல்தான். மலையைத் தூக்கக்கூடியவன் பகலில் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கிறான் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

அவன் பிறந்த கோளில் வைத்த பெயர் கால்-எல். நடிகர் நிக்கோலஸ் கேஜ் 2005இல் பிறந்த தம் மகனுக்கு இதே பெயரைச் சூட்டினார். எபிரேய மொழியில் ‘எல்’ என்றால் இறைவன் என்று பலரும் குறிப்பிடுவார்கள். எனக்கோ அந்தப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்த இரவு வேறொன்று கண்ணில் பட்டது. பழந்தமிழில் ‘எல்’ என்றால் ஒளி, பகல், ஞாயிறு. ‘எல்லே இலக்கம்’ என்கிறது தொல்காப்பியம். ‘கால்’ என்பதற்குக் காற்று என்றும் பொருள் உண்டு. சூரிய ஒளியிலிருந்து வலிமை பெற்றுக் காற்றில் பறப்பவனுக்குக் காற்றும் ஞாயிறும் பெயராக அமைந்திருப்பது முழுக்க முழுக்கத் தற்செயல்தான். ஆனாலும் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை அடுத்த அறையிலிருந்து என் மனைவி அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். மூன்று முறை கூப்பிட்டும் அது ஒரு குழந்தையை அழைப்பதாக ஒலிக்கவில்லை. யாருக்கோ கால் வலிப்பது போலத்தான் கேட்டது. வருத்தத்தோடு அடித்தேன். சூப்பர்மேனின் உறவுப்பெண்ணான காராவின் பெயரும் அப்படியே போயிற்று, ஏனெனில் ‘கரா’ என்பது தமிழில் முதலையின் ஒரு வகை. தோர் என்ற பெயர் இடியின் கடவுளுக்கு உரியதாக இருக்கலாம். என் காதில் அது தோல்வியின் பக்கத்தில் போய் நிற்கிறது. இவற்றில் எதுவும் அந்தப் பெயர்களின் குறையில்லை. ஒரு பெயர் எந்த மொழிக்குள் வந்து வாழப்போகிறதோ, அந்த மொழியின் காதுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு தயக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த நாயகர்களை எழுதும் கைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கிரீன் லாண்டர்னாகப் பல பத்தாண்டுகள் நேசிக்கப்பட்ட ஹால் ஜோர்டனை 1994இல் வில்லனாக்கினார்கள். 2016இல் கேப்டன் அமெரிக்காவையே எதிரிகளின் கையாளாக எழுதினார்கள். இருவரும் பிறகு மீட்கப்பட்டார்கள் என்றாலும், அந்தக் காலத்தில் வாசகர்கள் பட்ட வேதனை கொஞ்சமல்ல. காமிக்ஸ் பிறப்பதற்கு முன்பே வாழ்ந்த பெயராக இருந்தால், கதை எப்படித் திரும்பினாலும் பெயருக்குச் சேதமில்லை. வொண்டர் வுமனின் டயானா ரோமானியரின் வேட்டைத் தெய்வத்தின் பெயர். கேப்டன் அமெரிக்காவின் வீட்டுப் பெயரான ஸ்டீவ் என்பதன் மூலத்தில், மகுடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இருக்கிறது. ஸ்பைடர்மேனின் பீட்டர் என்றால் பாறை.

தாளில் இப்போது இரண்டு பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன. பெண் என்றால் கமலா. 2013இல் முதன்முதலாகத் தோன்றி, அடுத்த ஆண்டே மிஸ் மார்வெல் என்ற தனித் தொடரின் நாயகியான கமலா கான், பெரிய நாயகர்களைத் தூரத்திலிருந்து ரசித்து, அவர்களைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்த பதின்வயதுப் பெண். அவள் பெயர் அரபு வழியில் நிறைவைக் குறிக்கிறது. நமக்கு அது தாமரை. என் மனைவி கேட்டவுடன் சம்மதித்த ஒரே பெயரும் அதுதான்.

ஆண் என்றால் லோகன். 1974இல் வந்த வுல்வரினை எல்லோரும் அழைக்கும் அந்தப் பெயர் ஸ்காட்லாந்தின் ஓர் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. தமிழில் சொன்னால் லோகநாதனைச் செல்லமாகக் கூப்பிடுவது போல இருக்கிறது. நேற்று மாலை அடுத்த அறையிலிருந்து அவள் “லோகா, இங்கே வாடா” என்று சொல்லிப் பார்த்தாள். நான் என்னை மறந்து எழுந்து வாசல்வரை போய்விட்டேன்.