புறநானூற்றுக்கு எந்த ஆண்டு போடுவது?

பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆய்வேடு தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுத் தரும் என் கடைக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. வருகிறவர்களிடம் முதலில் துறையைக் கேட்பேன். அப்புறம், "உங்க கைடு ரெஃபரன்ஸை எந்த ஸ்டைல்ல கேட்டாரு?" என்பேன். "எல்லாரும் போடுத மாதிரி போடுங்க அண்ணாச்சி" என்பதுதான் பெரும்பாலும் பதில். எல்லாரும் போடுவது ஏபிஏ என்ற மேற்கோள் முறை.

உளவியலுக்கும் கல்வியியலுக்கும் அது சரி. அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த முறை. பெயரை அடுத்து உடனே ஆண்டு வந்துவிடும். ஆய்வு எவ்வளவு புதிது என்பது அங்கே முக்கியம். அதையே தமிழ் ஆய்வேட்டில் போட்டால் கூத்துதான். ஒரு மாணவி கொண்டுவந்த பக்கத்தில் 'கணியன் பூங்குன்றனார் (2004)' என்று இருந்தது. அவர் வைத்திருந்த பதிப்பின் ஆண்டு அது. உ.வே.சா. புறநானூற்றை அச்சிட்ட 1894ஐப் போட்டாலும் அபத்தம் குறையாது. சங்கப் பாட்டுக்கு வேண்டியது பாட்டு எண்ணும் அடி எண்ணும்: புறம். 192:1. வேறு பதிப்பு வைத்திருப்பவரும் 'யாதும் ஊரே' வரியை அதைக்கொண்டே எடுத்துவிடலாம். பதிப்பு விவரம் கடைசியில் நூற்பட்டியலில் இருந்தால் போதும். ஆங்கில இலக்கியத்தார் கேட்கும் எம்எல்ஏ என்ற நவீன மொழிச் சங்க முறையிலும் வரிக்குள் ஆண்டு வராது, ஆசிரியர் பெயரும் பக்கமும்தான்.

வரலாற்றுத் துறைக்கு அடிக்குறிப்பு இல்லாமல் ஆகாது. கல்வெட்டு ஆண்டறிக்கையின் எண், ஊர், கோயில், கல்வெட்டு இருக்கும் சுவர் என்று எழுத வேண்டியதை அடைப்புக்குறிக்குள் திணிக்க முடியுமா? சிகாகோ முறையில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரியிலிருந்து வரும் டாக்டர்கள் கேட்பது வான்கூவர் முறை: வரிக்குள் வெறும் எண்கள், அந்த எண் வரிசையில் கடைசியில் பட்டியல். பக்கம் சுத்தமாக இருக்கும். ஆனால் கையால் எண் போட்டுவிட்டு, முதல் இயலில் புதிதாக ஒரு கட்டுரையைச் செருகினால் அன்றைய ராத்திரி போச்சு. அதனால் மேற்கோள்களை அடுக்கித் தரும் மென்பொருளில் ஏற்றிய பிறகே தொடுகிறேன்.

எந்த ஸ்டைலிலும் பெரிய தலைவலி நம் பெயர்கள்தான். குடும்பப்பெயரை முன்னால் போடு என்கிறார்கள். இங்கே யாருக்கு இருக்கிறது குடும்பப்பெயர்? மா. இசக்கிமுத்து தன் பெயரை இசக்கிமுத்து மாரியப்பன் என்று விரித்து எழுதினால், மென்பொருள் அதை 'மாரியப்பன், இ.' ஆக்கிவிடும். ராப்பகலாக உழைத்தவர் மகன், பட்டியலில் நிற்பவர் அப்பா! இதைக் கையால்தான் 'இசக்கிமுத்து, மா.' என்று திருத்துகிறேன். இதழே 'மாரியப்பன், இ.' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் கைவைப்பதில்லை. தேடுகிறவர் அந்தப் பெயரில்தானே தேடுவார்.