ஃபில் பவர் 800 என்றால் அதிகக் கதகதப்பா?

ஸ்லீப்பிங் பேக், அதாவது குளிரில் உள்ளே புகுந்து தூங்கும் பை, வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஃபில் பவர் எண்ணைத்தான், 800 என்றால் 600-ஐ விடக் கதகதப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த எண் சொல்வது வேறு. ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் டவுன் எத்தனை கன அங்குலத்துக்கு உப்பி நிற்கிறது என்பதுதான் அது. டவுன் என்பது பைக்குள் அடைத்திருக்கும், வாத்தின் இறகுகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பஞ்சு மாதிரியான தூவி. அது உப்பும்போது உள்ளே சிக்கிக்கொள்ளும் காற்றுதான் நம் உடல் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது.

சரி, அப்படியென்றால் உள்ளே எத்தனை கிராம் டவுன் இருக்கிறது என்று பார்க்காமல் எப்படி முடிவு செய்வது? ஒரே அளவில் இரண்டு பை. ஒன்றில் 650 ஃபில் பவர் டவுன் 600 கிராம், இன்னொன்றில் 850 டவுன் 400 கிராம். பெருக்கிப் பாருங்கள், முதல் பைதான் அதிகம் உப்பும். இரண்டாவது எடை குறைவு, சின்னதாகச் சுருட்டலாம், நாள் முழுக்கச் சுமந்து நடப்பவருக்கு அது பெரிய விஷயம்தான்.

அப்புறம், குளிர் தாங்குமா என்பதற்கு ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தர முறையில் சோதித்த கம்ஃபர்ட் வெப்பநிலையை, அதாவது எவ்வளவு குளிர் வரை வசதியாகத் தூங்கலாம் என்று சொல்லும் எண்ணைப் பாருங்கள். ஈரம் பட்டால் எந்த டவுனும் அமுங்கிவிடும். வீட்டில் வைக்கும்போது தயவுசெய்து அழுத்திச் சுருட்டி வைக்காதீர்கள், பெரிய துணிப்பையில் தளர்வாகப் போடுங்கள்.