தேக்கு வெனீர் டீப்பாய்: நான்கு தாள்களும் ஒரு மையமும்

வெனீர் (மரத்திலிருந்து மெல்லியதாகச் சீவிய தாள்) ஒட்டிய மேசையைப் பார்க்கிறவர்கள் முதலில் மேல்பலகையின் ரேகையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். வேலை தெரிந்தவர் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். அடியில் வெறும் பிளைவுட் தெரிந்தால், அந்தப் பலகை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டுவதற்குள் வளையத் தொடங்கும். தண்ணீர் கலந்த பசை பட்டதும் வெனீர் ஊறி விரிகிறது. பசை காயும்போது சுருங்கிப் பலகையையும் தன் பக்கம் இழுக்கிறது. மேலே மட்டும் ஒட்டினால் இழுப்பும் ஒரு பக்கம்தான். 18 மி.மீ. கனம் இருந்தாலும் 22 அங்குல அகலத்தில் அந்தக் குழிவு கண்ணுக்குத் தெரியும். அதனால் அடியிலும் அதே கனத்தில், அதே திசையில் ரேகை ஓடும் வெனீர் ஒட்டியாக வேண்டும். டிசைன் இல்லாத மலிவான தாள் போதும், ஆனால் அதை விட்டுவிடக் கூடாது.

இங்கே சொல்வது 42 அங்குல நீளம், 22 அங்குல அகலம் உள்ள ஒரு டீப்பாய். கால்களும் சட்டமும் கெட்டித் தேக்கு. மேல்பலகை பிளைவுட், அதன்மேல் அடுத்தடுத்து சீவிய நான்கு தேக்குத் தாள்கள் நடுவில் கூடும் டிசைன். கெட்டி மரத்தில் இப்படிச் செய்தால் நான்கு துண்டும் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கி, மையத்தில் பிளந்துவிடும். வெனீரை மட்டமான வேலை என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிளைவுட் 18 மி.மீ., பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரகம், ஐ.எஸ். 303 முத்திரை உள்ளதாக இருக்கட்டும். வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே இடைவெளி இருந்தால் பொள்ளல் சத்தம் வரும். அந்த இடம் பிறகு பள்ளமாக மேலே தெரியும். 8×4 பலகையில் மேல் ரேகை பெரும்பாலும் 8 அடி நீளவாக்கில் ஓடும். மேசையின் 42 அங்குலத்தை 4 அடிப் பக்கத்தில் எடுத்தால் வெனீரின் ரேகை பிளைவுட்டின் ரேகைக்குக் குறுக்கே விழும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் நாளடைவில் மேல்பரப்பில் மெல்லிய கீறல் விழ வாய்ப்பு அதிகம்.

கடைகளில் எளிதாகக் கிடைப்பது 4 மி.மீ. பலகையில் ஏற்கெனவே ஒட்டிய வெனீர். அலமாரிக்கு அது சரி. இந்த டிசைனுக்கு அரை மி.மீ. கனமுள்ள வெறும் தாள்கள் வேண்டும், அதுவும் ஒரே கட்டையிலிருந்து வரிசையாகச் சீவியவை. தாள்கட்டைப் பிரித்ததும் சாக்பீஸால் 1, 2, 3, 4 என்று ஒரே மூலையில் எழுதிவிடுங்கள். வரிசை கலைந்தால் ரேகை சேராது. ஒவ்வொன்றும் 22½ × 12 அங்குலம். எந்த இடத்தை மையமாக எடுப்பது என்று தெரிய, சட்டமில்லாத, முகம் பார்க்கும் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் செங்கோணமாகப் பிடித்துத் தாளின்மேல் நகர்த்துங்கள். முழு டிசைனும் கண்ணாடியில் தெரியும். அரை அங்குலம் நகர்த்தினாலே உருவம் மாறிப்போகும். அவசரப்படாமல் தேடுங்கள்.

தாள் 1 மேலே இடது. 2-ஐப் பக்கவாட்டில் திருப்பி அதன் வலது. 2-ஐப் போலவே கிடக்கும் 3-ஐ மேல்கீழாகப் புரட்டி 2-க்குக் கீழே. 4, 1-இன் பிம்பமாக இடது கீழே. இதில் 1-ம் 3-ம் ஒரு முகத்தையும், 2-ம் 4-ம் மறுமுகத்தையும் காட்டும். சீவும் கத்தி ஒரு முகத்தில் நுண்ணிய வெடிப்புகளை விட்டுச் செல்வதால் இரண்டு முகமும் ஒளியையும் சாயத்தையும் ஒன்றுபோல வாங்காது. இந்த டிசைனுக்குச் சாயம் அடிக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். சாயம் அடித்தால் எதிரெதிர் மூலைகள் இரண்டு கறுக்கும்.

நான்கையும் விளிம்பைப் பார்த்து அடுக்காமல், ரேகையில் ஒரு தெளிவான அடையாளத்தைப் பார்த்து அடுக்கி, கனமான இரும்பு ஸ்கேல் வைத்து வெட்டுங்கள். முதல் இரண்டு மூன்று இழுப்புகள் லேசாக. ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் கத்தி ரேகையைப் பிடித்துக்கொண்டு கோணலாகப் போகும். ரேகைக்குக் குறுக்கே வெட்டும் இடத்தில் முதலில் டேப் ஒட்டி, அதன்மேலேயே வெட்டினால் ஓரம் சிம்பு விடாது. பிறகு இரண்டு நேரான பலகைகளுக்கு நடுவே தாள்களை இறுக்கி, 1 மி.மீ. வெளியே நீட்டி, 120 நம்பர் உப்புத்தாள் சுற்றிய நேர்க்கட்டையால் தேயுங்கள். இரண்டு ஓரங்களைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி கசியவே கூடாது. முதலில் 1-2, பிறகு 4-3. இரண்டு பாதியும் சேர்ந்தபின் 42 அங்குல ஓரத்தை மறுபடி நேராக்கி நீள இணைப்பைச் சேர்க்க வேண்டும். பசை படும் பக்கத்தில் மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டித் தற்காலிகமாகச் சேர்த்து, முகப்பக்கத்தில் நனைத்து ஒட்டும் காகித டேப் போடுங்கள். அது காயும்போது சுருங்கி இணைப்பை இன்னும் நெருக்கும். காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பை உரித்துவிடுங்கள்.

ஒட்டுவதற்கு பெவிகால் எஸ்எச் போன்ற வெள்ளைப் பசை. தொட்டதும் பிடிக்கும் ரப்பர் பசையை இந்த வேலைக்குச் சேர்க்கவே மாட்டேன். அது கடைசிவரை இளக்கமாகவே இருக்கும், வெயில் பட்டால் இணைப்பு மெல்ல விலகும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னர் துணியால் துடைத்து, அது ஆவியானதும் ஒட்டிவிடுங்கள். பிளைவுட்டை 80 நம்பரில் தேய்த்துத் தூசி தட்டி, பசையைப் பலகையில் மட்டும் பூசுங்கள். வெனீரில் பூசினால் அந்த நொடியே சுருண்டுகொள்ளும். ஒரு முகத்துக்கு 100 முதல் 120 கிராம், பல்பல்லான பசைக்கரண்டியால் சீராக. கூடினால் ரேகைத் துளை வழியே மேலே கசியும், குறைந்தால் கொப்புளம். நம் வெயிலில் பசை சில நிமிடங்களில் தோல் கட்டிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். பசை இல்லாமல் ஒருமுறை முழுவதும் கிளாம்ப் போட்டு ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல், அடி இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் பாலிதீன் தாள், அதன்மேல் 18 மி.மீ. பலகை, அதன்மேல் 2×1½ அங்குல ரீப்பர்கள் ஆறு ஜோடி, பன்னிரண்டு கிளாம்ப். ரீப்பரின் ஒரு பக்கத்தை நடுவில் 2 மி.மீ. புடைப்பாக இருக்கும்படி இழைத்து, அந்தப் பக்கத்தைப் பலகைமேல் வையுங்கள். ஓரத்தில் மட்டுமே கிளாம்ப் பிடிக்க முடியும். புடைப்பு இருந்தால்தான் அழுத்தம் நடுவுக்கும் போய்ச் சேரும். நடு ஜோடியிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள். ஓரத்தை முதலில் இறுக்கினால் பசை நடுவில் மாட்டி மேடாக நின்றுவிடும். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும்.

கழற்றியதும் தரையில் படுக்க வைக்காதீர்கள். இரண்டு முகத்திலும் காற்று படும்படி நிறுத்திவைத்து இரண்டு நாள் விடுங்கள். ஈரம் இருக்கும்போதே தேய்த்தால், இணைப்பில் ஊறி எழுந்த மரத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுவோம். பிறகு காய்ந்ததும் அங்கே கோடாகப் பள்ளம் விழும். நகத்தால் எங்கும் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறும் இடம் கொப்புளம். ரேகையோடு ஒரு கீறல் போட்டு, ஊசிக்குழலால் பசை செலுத்தி, பாலிதீன் வைத்து அழுத்தினால் சரியாகும்.

ஓரத்துக்கு 8 மி.மீ. கனம், 20 மி.மீ. அகலத் தேக்கு லிப்பிங் (ஓரத்தை மூடும் பட்டி), மூலைகள் 45 பாகையில். வெனீருக்கு முன்பே லிப்பிங் போடுவோரும் உண்டு, ஓரம் சுத்தமாகத் தெரியும். ஆனால் தினம் புழங்கும் மேசையில் வெனீரின் விளிம்பு வெளியே இருந்தால் சீக்கிரம் பெயரும், அதனால் பிறகு போடுவதே என் தேர்வு. பலகையின் மொத்தக் கனம் 19 மி.மீ. ஆகியிருக்கும். மிஞ்சும் லிப்பிங்கைச் சீவும்போது பக்கத்து வெனீரில் டேப் ஒட்டிக்கொண்டு, கடைசி இழையை ஸ்கிரேப்பர் தகட்டால் எடுங்கள்.

கால்கள் 1¾ அங்குலச் சதுரம், 16½ அங்குல உயரம். சட்டம் 3 அங்குல அகலம், 7/8 அங்குலக் கனம். கழுந்து (காலின் துளைக்குள் நுழையும் சட்டத்தின் முனை) 8 மி.மீ. கனம், 1 அங்குல நீளம். பிளைவுட் அவ்வளவாக விரியாது என்பதால் மேல்பலகையை மூலைக்கட்டைகள் வழியாக அடியிலிருந்து நேராகவே திருகலாம். திருகு 18 மி.மீ. பலகையில் 12 மி.மீ.க்கு மேல் ஏறக் கூடாது.

காகித டேப்பை வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஊறவைத்து வழித்தெடுங்கள். தேய்ப்பது 180, பிறகு 220, கட்டை வைத்துக் கையால் மட்டும். மெஷினில் ஒரு நொடி கூடினாலும் அடிப் பிளைவுட் தெரிந்துவிடும், அதற்கு மருந்து இல்லை. பென்சிலால் லேசாகக் குறுக்குக்கோடு போட்டு, கோடு மறைந்ததும் நிறுத்துங்கள். சூடான டம்ளர் வைக்கும் மேசைக்கு அரக்கு பாலிஷ் தாங்காது, வெள்ளையாக வட்டம் விழும். பி.யு. (பாலியூரித்தேன்) சீலர் ஒரு கோட், 320-இல் லேசாகத் தேய்ப்பு, மேட் டாப் கோட் இரண்டு. அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் அடியுங்கள், ஈரம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஏறி இறங்க வேண்டும். தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் பூச்சு இறுகச் சுமார் ஒரு வாரம் ஆகும். அதுவரை மேலே விரிப்பு, கண்ணாடி எதையும் போடாதீர்கள், அச்சு பதிந்துவிடும்.