முருகைக்கல் மேல் நின்றவர்

திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் எல்லோரும் சொல்வதுதான்: "முருகைக்கல்லில கால் வைக்காதேங்கோ." முருகைக்கல் என்றால் பவளப்பாறை. நிலாவெளிக் கரையில் ஒரு தரம், தீவில் இறங்கியதும் இன்னொரு தரம் சொல்வேன். கனடாவிலிருந்து மகளோடு வந்திருந்த அந்த அண்ணாவுக்கும் சொன்னேன்.

கடலுக்குள் பார்க்கப் போட்டிருந்த பிள்ளையின் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் போய்விட்டது. பிள்ளை அலற, அவர் பதறிக் கிளைவிட்ட முருகைக்கல் ஒன்றின் மேல் ஏறி நின்றுவிட்டார். பிள்ளை லைஃப் ஜக்கெற் போட்டிருந்தது, நானும் பிடித்துவிட்டேன். "இறங்குங்கோ அண்ணா, பிள்ளை என்னட்ட இருக்கு." அவர் அசையவில்லை. காலடியில் கிளைகள் முறிந்து வெள்ளையாகச் சிதறின. கத்தினேன். கையைப் பிடித்து இழுத்தும்விட்டேன்.

கரையில் வைத்து மெதுவாகத்தான் கேட்டார்: "தம்பி, சனம் செத்த ஊரடா இது. நீ ஒரு கல்லுக்கு இந்தக் கத்துக் கத்துறாய்?"

பதில்கள் பிறகு எத்தனையோ வந்தன. அது கல்லில்லை, மேலே தோல்போலச் சின்னஞ்சிறு விலங்குகள் வாழ்கின்றன. கிளைவிடும் சாதியே வருசத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் வளர்ந்தால் பெரிய விசயம். உருண்டையாக வளரும் சாதிக்கு அந்த அளவு வளரப் பத்து வருசமும் போகும். துடுப்பு நுனி கறுத்த சுறாவும் ஆமையும் அதை அண்டித்தான் திரிகின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்களால்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. எல்லாம் சரியான பதில்கள். அவர் கேட்டதற்கு இவை பதிலா?

தீவை 2003இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2009இல் போர் முடிந்த பிறகுதான் ஆட்கள் பெருகினார்கள். சனம் ஊரைவிட்டு ஓடிய காலத்தில் முருகைக்கல்லை மிதிக்க இவ்வளவு கால்கள் இருக்கவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் போரை நினைத்துச் சொன்னாரா, 2004 சுனாமியை நினைத்துச் சொன்னாரா என்றும் கேட்கவில்லை. இந்தக் கரையில் இரண்டுக்கும் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சுனாமி என்றால், தண்ணீருக்குள் பிள்ளை அலறியபோது அவர் காதில் என்ன கேட்டதோ.

இழுத்தது சரிதான். இன்றைக்கும் இழுப்பேன். பிள்ளைக்கு ஆபத்து இருந்திருந்தால் முருகைக்கல்லை நானே மிதித்திருப்பேன். ஆனால் ஆபத்து இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லையே.

இப்போது சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களை மணல் பக்கம்தான் இறக்குகிறேன். அங்கே பார்க்க அதிகமில்லை. காசு கொடுத்து வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அதுவும் நியாயம்தான்.